பாதியில் நிற்கும் ரோமப் படை: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மேசைமேல் பழைய போர்களை ஆடிப் பார்க்க ஆசைப்பட்ட பலர் வீட்டில், பரணிலோ கட்டிலுக்கு அடியிலோ, விரலளவு பொம்மை வீரர்களால் ஆன ஒரு படை தூங்கிக்கொண்டிருக்கும். பாதி வீரர்கள், பாகங்கள் வார்த்து வரும் பிளாஸ்டிக் சட்டத்தை விட்டே கழன்றிருக்க மாட்டார்கள். மீதிப் பேருக்கு முகம் மட்டும் தீட்டியிருக்கும். ஏதோ ஒரு கட்டத்தில் சின்னத் தடை ஒன்று வந்து, அது என்னவென்று பார்க்காமல் விட்டதால் வந்த நிலை அது. அந்தத் தடைகளை அறிகுறிவாரியாக இங்கே எழுதியிருக்கிறேன்.

எடுத்துக்கொண்ட படை ரோமக் குடியரசின் படை. கி.மு. 218 முதல் 201 வரை நடந்த இரண்டாம் பியூனிக் போரில், வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலை எதிர்த்து நின்ற படை. அளவு 28 மிமீ (ஒரு வீரனின் ஏறக்குறைய உயரம்), பெரும்பாலும் பிளாஸ்டிக். வேறு காலத்துப் படை கட்டுகிறவர்களுக்கும் பட்டறைப் பகுதி அப்படியே பொருந்தும். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் முதல் இரண்டை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள். பின்னால் வரும் கோளாறுகளில் பாதி அங்கேதான் முளைக்கின்றன.

எதை வாங்குவது என்றே முடிவாகவில்லை

இன்று ரோமர், நாளை நெப்போலியன், மறுநாள் சாமுராய் என்று பட்டியல் பார்த்தே இரண்டு மாதம் ஓடியிருக்கும். பெட்டியின் மேல் இருக்கும் படத்தில் தொடங்குவதால்தான் இப்படி ஆகிறது. கேள்விகளை வேறு வரிசையில் கேளுங்கள்.

முதல் கேள்வி, யாரோடு ஆடப் போகிறேன். உங்கள் ஊரில் ஏற்கெனவே இரண்டு பேர் 15 மிமீயில் பழங்காலப் போர் ஆடுகிறார்கள் என்றால் நீங்களும் 15 மிமீதான் வாங்க வேண்டும். யாருமே இல்லை என்றால் அளவும் காலமும் உங்கள் விருப்பம். அதற்கான வழி கடைசியில் இருக்கிறது.

இரண்டாவது, எந்த விதிமுறை. வீரர்களை எத்தனை பேராக, எவ்வளவு அகலமான பேஸில் (அடித்தகட்டில்) ஒட்ட வேண்டும் என்பதை விதிமுறைதான் சொல்லும். 1990இல் வந்த டிபிஏ (De Bellis Antiquitatis) என்ற விதிமுறையில் ஒரு முழுப்படையே 12 பேஸ்கள்தான். 28 மிமீ என்றால் ஒவ்வொன்றும் 60 மிமீ அகலம், 15 மிமீ என்றால் 40 மிமீ. ஏறக்குறைய 40 உருவங்களில் படை முடிந்துவிடும். பெரிய சண்டைக்கான விதிமுறைகள் சில 150, 200 என்று கேட்கும். இதைப் பார்க்காமல் பெட்டி வாங்கினால், பிறகு ஒட்டியதைப் பெயர்க்க வேண்டிவரும்.

அதற்கப்புறம்தான் எந்தப் படை என்ற கேள்வி. முதல் படைக்கு ரோமக் குடியரசை நான் தயங்காமல் சொல்வேன். நெப்போலியன் காலச் சிப்பாய்க்குக் காலர் ஒரு நிறம், கைமடிப்பு ஒரு நிறம், குறுக்குப்பட்டை வேறு, பொத்தான் வேறு. ரோம வீரனுக்கு ஒரு அங்கி, ஒரு கவசம், ஒரு பெரிய கேடயம். உடம்பில் பாதியைக் கேடயம் மறைத்துவிடும், மீதியில் பாதி உலோகம். அதே சமயம் நாலு வகைக் காலாட்படை இருப்பதால் அலுக்காது.

எத்தனை உருவம் வேண்டும் என்பதற்கு ஒரு அழகான கணக்கு இருக்கிறது. கிரேக்க வரலாற்றாளர் பொலிபியஸ் ஒரு லீஜியனுக்கு (ரோமப் படையின் பெரிய பிரிவு) 4,200 காலாட்கள் சொல்கிறார். முன்வரிசை ஹஸ்டாட்டி 1,200, இரண்டாம் வரிசை பிரின்சிப்பேஸ் 1,200, கடைசி வரிசை திரியாரி 600, மீதி 1,200 பேர் வெலிட்டீஸ் என்ற எறியீட்டிக்காரர்கள். குதிரைகள் 300. ஒரு உருவம் 50 பேருக்குச் சமம் என்று வைத்தால் 24, 24, 12, 24, குதிரை 6. மொத்தம் 90. ஒரு லீஜியனின் உள்ளமைப்பு அப்படியே மேசைக்கு வந்துவிடுகிறது. இந்த 90ஐ ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அதற்குமேல் ஒரு உருவம்கூட இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

பெட்டிகள் குவிந்துவிட்டன, ஒன்றும் முடியவில்லை

முதலில் சோதனை. வண்ணம், வார்னிஷ், பேஸில் புல் எல்லாம் முடிந்து நாளைக்கே மேசையில் வைக்கக்கூடிய உருவங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். விடை பூஜ்யம் என்றால் கோளாறு இதுதான்.

வேலையைக் கட்டம் கட்டமாக மொத்தப் படைக்கும் செய்வதுதான் காரணம். தொண்ணூறு பேரையும் ஒட்டுவது, தொண்ணூறு பேருக்கும் பிரைமர் (வண்ணம் பிடிக்க முதலில் அடிக்கும் பூச்சு) அடிப்பது, பிறகு தொண்ணூறு இடுப்புவாரைத் தீட்டுவது. தொழிற்சாலைக்கு அது சரியான முறை. மாலையில் ஒரு மணி நேரம் கிடைக்கிற மனிதருக்கு அது பொருந்தாது. மூன்று மாதம் உழைத்த பிறகும் முடிந்தது என்று காட்ட ஒரு வீரன் இருக்க மாட்டான்; அங்கேதான் கை ஓய்ந்துபோகிறது. என் முதல் படை இப்படித்தான் 24 ஹஸ்டாட்டிகளின் தோள்பட்டையில் நின்றது. ஒரு வருடம் அதை நான் தொடவே இல்லை.

சரிசெய்யும் வழி இது. பெட்டிகளில் 8 வெலிட்டீஸை மட்டும் எடுங்கள். மற்ற சட்டங்களை அணிவாரியாக ஜிப் பைகளில் போட்டு, பெயர் எழுதி, கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். வெலிட்டீஸை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அவர்களுக்கு இரும்பு வளையக் கவசம் கிடையாது, பெரிய கேடயம் கிடையாது. அங்கி, வட்டக் கேடயம், கையில் எறியீட்டி, சிலருக்குத் தலைச்சீராவின் மேல் ஓநாய்த் தோல். அவ்வளவுதான். கலைந்து நின்று சண்டை போடுகிறவர்கள் என்பதால் பேஸிலும் வரிசை பார்க்க வேண்டியதில்லை. முதல் எட்டில் உங்கள் கை நடுங்கியிருந்தாலும் அந்த ஓநாய்த்தோல் மறைத்துவிடும்.

அந்த எட்டுப் பேரையும் புல் ஒட்டி முடிக்கும்வரை வேறு எந்தப் பையையும் திறக்காதீர்கள். முடித்ததும் அலமாரியில் கண்ணுக்கு எதிரே வையுங்கள். பிறகு 12 ஹஸ்டாட்டி. 12க்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். எட்டுக்குக் கீழே போனால் வண்ணம் காயக் காத்திருக்கும் நேரம் வீணாகும். பழைய பாட்டில் மூடிகளில் ஆளுக்கொன்றாக ஒட்டிக்கொண்டால் பிடித்துத் தீட்டச் சுலபம்.

இந்த 12 பேருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று மட்டும் குறித்துவையுங்கள். 9 மணி நேரம் ஆனால் ஆளுக்கு 45 நிமிடம். 90 பேருக்கு 67 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். வாரம் 5 மணி நேரம் உட்கார்ந்தால் மூன்று மாதம், இன்னும் சில நாள். இந்தக் கணக்கு கையில் இருந்தால் வேலைக்கு ஒரு கரை தெரியும்.

என் ரோமர்கள் காலம் மாறிய ரோமர்கள் என்கிறார்கள்

கேடயத்தைப் பாருங்கள். செவ்வகமாக, ஓடு போல வளைந்திருந்தால் அது பேரரசுக் காலம். உடம்பில் வரிவரியாகப் பட்டைக் கவசம் இருந்தால் அதுவும் அப்படித்தான். ரோமர் என்றதும் நம் மனதில் வரும் உருவம், ரோம் நகரில் கி.பி. 113இல் முடிந்த டிராஜன் தூணில் செதுக்கியிருக்கும் உருவம். ஹன்னிபாலுக்கும் அதற்கும் இடையே முந்நூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி.

ஹன்னிபால் காலத்துக் கேடயம் நீள்வட்டம், நடுவில் மேலிருந்து கீழாக ஒரு முதுகெலும்பு போன்ற மேடு. எகிப்தின் ஃபயூம் பகுதியில் அப்படி ஒரு கேடயமே கிடைத்திருக்கிறது. உயரம் சுமார் 128 செ.மீ., மெல்லிய மரப் பட்டைகளை அடுக்கி ஒட்டியது. ஒரு மனிதனின் தோளிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை வரும். தலைச்சீரா உச்சியில் குமிழ் வைத்த வெண்கல மோன்டெஃபோர்டினோ வகை. மார்பில் ஏறக்குறைய ஒரு சாண் சதுரத்தில் வெண்கலத் தகடு. வசதி உள்ளவர்களுக்கு மட்டும் இரும்பு வளையச் சட்டை. அந்த வசதிக்கு 10,000 திராக்மா என்று ஒரு வரம்பையே பொலிபியஸ் சொல்கிறார். ஆக, ஒரே அணியில் தகடும் வளையச் சட்டையும் கலந்து நிற்பதுதான் சரி. முன்வரிசையில் தகடு அதிகம், பின்வரிசையில் வளையச் சட்டை அதிகம் என்று வைத்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும்.

கொடியிலும் ஒரு தவறு அடிக்கடி வரும். கழுகு மட்டும் லீஜியனின் சின்னம் ஆனது ரோமத் தளபதி மாரியஸ் காலத்தில், கி.மு. 104இல். அதற்கு முன் ஓநாய், காளைத்தலை மனிதன், குதிரை, காட்டுப்பன்றி ஆகியவையும் கழுகோடு இருந்தன. கழுகு வைத்திருந்தால் பிடுங்க வேண்டாம்; பக்கத்தில் ஒரு பன்றியையும் சேருங்கள்.

தவறான பெட்டி ஏற்கெனவே வாங்கியாகிவிட்டதா? அறுத்து மாற்ற முயல வேண்டாம். மூடியபடியே விற்றுவிடுங்கள், அல்லது பேரரசுக் காலப் படைக்கு எடுத்துவையுங்கள். கேடயம், கவசம், தலைச்சீரா மூன்றையும் மாற்றினால் புதுப் பெட்டியின் விலையைவிட அதிக உழைப்பு போய்விடும்.

நிறம் முடிவாகாமல் பல வாரமாக நிற்கிறது

இதை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் சரியாகச் செய்ய வேண்டும் என்ற அக்கறையிலிருந்து வருகிறது. ஆனால் இங்கே தேடிக்கொண்டே இருந்தால் முடிவு வராது. குடியரசுக் கால ரோம வீரனின் அங்கி என்ன நிறம் என்பதற்கு உறுதியான விடை இல்லை. சிவப்பு என்று ஒரு சாரார், சாயமேற்றாத வெண்மை என்று மற்றொரு சாரார். கேடயத்தின் வண்ணத்துக்கும் அப்படித்தான். அரசாங்கம் ஒரே சீருடை தைத்துக் கொடுத்த காலம் அல்ல அது; தன் ஆயுதத்தை வசதிக்கேற்பத் தானே வைத்திருந்த குடிமகனின் படை.

உறுதியாகத் தெரிந்த ஒரு நிறம் இறகுக்கு இருக்கிறது. தலைச்சீராவில் நிமிர்ந்து நிற்கும் மூன்று இறகுகள், ஏறக்குறைய ஒரு முழ உயரம், மூன்றும் கருப்பு, இல்லையென்றால் செந்நீலம் என்றும் கருஞ்சிவப்பு என்றும் பொருள்படும் ஒரு நிறம். அந்த இறகு ஆளை உயரமாகவும் எதிரிக்குப் பயமாகவும் காட்டும் என்று பொலிபியஸ் காரணமும் சொல்கிறார். அவர் போருக்கு ஓரிரு தலைமுறை தள்ளி எழுதியவர் என்பது நினைவில் இருக்கட்டும். இருந்தாலும் இதைவிட நெருங்கிய சாட்சி நமக்குக் கிடைக்காது.

ஆகவே தெரிந்ததைத் தெரிந்தபடி தீட்டுங்கள், தெரியாததை நீங்களே தீர்மானியுங்கள். நான் செய்தது: அங்கி எல்லாருக்கும் பழுப்பேறிய வெள்ளை, அதில் மூன்று வகைச் சாயல். கேடயம் ஹஸ்டாட்டிக்குச் செங்கல் நிறம், பிரின்சிப்பேஸுக்கு மஞ்சள், திரியாரிக்குக் கருநீலம். வரிசைக்கு ஒரு நிறம் இருந்ததற்கு ஆதாரம் கிடையாது. மேசையில் எந்த அணி எங்கே நிற்கிறது என்று மூன்றடி தூரத்தில் தெரிகிறது, அதற்காக வைத்தேன். ஒரு மாலைக்குள் உங்கள் முடிவை எழுதி, பயன்படுத்தும் புட்டிகளின் எண்ணோடு அந்தத் தாளைப் பெட்டியில் போடுங்கள். ஆறு மாதம் கழித்து அடுத்த பன்னிரண்டு பேரைத் தீட்டும்போது அது இல்லாமல் முடியாது.

ஒட்டிய கை விழுந்துகொண்டே இருக்கிறது

பொருளுக்கு ஏற்ற பசை இல்லை. கெட்டிப் பிளாஸ்டிக்குக்குப் பாலிஸ்டைரீன் சிமென்ட். அது பிளாஸ்டிக்கையே சற்று உருக்கி இணைக்கும். உலோகத்துக்கும் ரெசினுக்கும் அது ஒன்றும் செய்யாது, ஃபெவிக்விக் வகைப் பசைதான் வேண்டும். உலோக வீரன் என்றால் இரண்டு முகங்களையும் அரத்தால் கீறி, பாத்திரம் கழுவும் சோப்பில் அலசிக் காயவைத்த பிறகு ஒட்டுங்கள். கனமான பாகத்துக்கு மெல்லிய கம்பி ஒன்றைத் துளையிட்டுச் சொருகினால் பிறகு விழாது. 1/72 அளவில் வரும் மெத்தென்ற பிளாஸ்டிக்குக்குப் பசையும் பிடிக்காது, வண்ணமும் உரியும். முதல் படைக்கு அதைத் தவிர்ப்பது நல்லது.

பிரைமர் அடித்ததும் மணல் தூவியது போல ஆகிவிட்டது

வண்ணத்துளி உருவத்தைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்துவிட்டது, அல்லது ஈரக்காற்று உள்ளே புகுந்துவிட்டது. இரண்டும் நம் ஊரில் சகஜம். உச்சி வெயிலில் மொட்டைமாடியில் அடித்தால் முதலாவது, ஐப்பசி மழையில் பால்கனியில் அடித்தால் இரண்டாவது. டப்பாவை ஒரு நிமிடமாவது நன்றாகக் குலுக்கி, சுமார் 20 முதல் 25 செ.மீ. தூரத்தில், உருவத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடிகிற மாதிரிச் சின்னச் சின்ன வீச்சாக அடியுங்கள். முதல் வீச்சிலேயே முழுக்க மூடப் பார்க்காதீர்கள். மழை நாட்களில் ஸ்பிரேயைத் தொடவே வேண்டாம். தூரிகையால் பூசும் பிரைமர் இருக்கிறது, மெதுவாக இருந்தாலும் ஏமாற்றாது.

லேசான சொரசொரப்பு என்றால் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். மோசம் என்றால் கழற்றத்தான் வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துத் தேய்க்கலாம். ஒரு உருவத்தில் சோதித்துவிட்டு மற்றதைப் போடுங்கள். கையுறை வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அடுப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது. தின்னரும் அசிட்டோனும் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

வண்ணம் கோடுகோடாக, கட்டிக்கட்டியாக நிற்கிறது

புட்டியிலிருந்து நேராக எடுத்துப் பூசுகிறீர்கள். தட்டில் ஒரு துளி வைத்து, தண்ணீர் சேர்த்து, மெல்லிய மோர் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். தூரிகையை ஒரு துணியில் ஒற்றிவிட்டுத்தான் உருவத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முதல் பூச்சில் அடிநிறம் தெரியும், பரவாயில்லை. காயவிட்டு இரண்டாவது. வெள்ளையும் மஞ்சளும் மூன்று கேட்கும். மஞ்சளுக்கு அடியில் பழுப்பு மஞ்சள் ஒன்று பூசிக்கொண்டால் ஒரு பூச்சு மிச்சம்.

கோடை மாதங்களில் மின்விசிறிக்கு அடியில் தட்டிலேயே வண்ணம் காய்ந்துபோகும். மூடி போட்ட ஒரு டப்பாவில் நனைத்த காகிதத் துண்டை விரித்து, அதன்மேல் சமையலறையில் பயன்படுத்தும் பட்டர் பேப்பரைப் போட்டு, அதையே தட்டாக வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள்கூட வண்ணம் ஈரமாக இருக்கும். இந்த ஒன்றைச் செய்த பிறகு என் தீட்டல் மாறியது போல வேறெதிலும் மாறவில்லை.

வளையச் சட்டையை ஒவ்வொரு வளையமாகத் தீட்ட நினைக்க வேண்டாம். கருப்பு அடித்து, தூரிகையில் துப்பாக்கி இரும்பு நிறத்தை எடுத்து, முக்கால்வாசியைத் துணியில் துடைத்துவிட்டு, மேடுகளில் மட்டும் படும்படி உரசுங்கள். இரண்டே நிமிட வேலை. தலைச்சீராவுக்கு வெண்கல நிறம், அதன்மேல் பழுப்பு வாஷ் (பள்ளங்களில் தங்கும் நீர்த்த வண்ணம்), காய்ந்ததும் உச்சியில் திரும்ப வெண்கலம்.

கையில் பார்த்தால் அழகு, மேசையில் வைத்தால் கருகருவென்று

விளக்குக்கு அடியில் ஒரு சாண் தூரத்தில் பார்த்துத் தீட்டியிருக்கிறீர்கள். ஆடும்போது மூன்றடி தூரம். ஒளி விழும் இடங்களை உங்களுக்குக் கூச்சமாக இருக்கும் அளவுக்கு வெளிறவிடுங்கள். மூக்கு, கன்னம், நெற்றி, கைமுட்டி, அங்கியின் மடிப்பு முனை. எல்லா வீரருக்கும் செய்ய நேரமில்லை என்றால் முன்வரிசைக்கு மட்டும் செய்யுங்கள். பேஸின் புல்லைக் கொஞ்சம் வெளிர்நிறமாக மாற்றினாலும் முழு அணியும் எழுந்து நிற்கும்.

கேடயத்து டிகால் சுருங்குகிறது, பளபளக்கிறது

டிகால் என்பது தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் மெல்லிய படம். வளைந்த கேடயமும் நடுமேடும் சேர்ந்து அதைத் தூக்கிவிடும். முதலில் கேடயத்துக்குப் பளபள வார்னிஷ் பூசிக் காயவிடுங்கள். வழவழப்பான பரப்பில் அடியில் காற்று தங்காது. டிகாலின் நடுவில் மேடு வரும் இடத்தை பிளேடால் கீறி, தண்ணீரில் ஊறவைத்து நகர்த்தி, டிகால் மென்மையாக்கும் திரவத்தை மேலே தொடுங்கள். சுருங்குவது போலத் தெரியும், பதறாமல் விடுங்கள். காய்ந்த பிறகு மேட் (பளபளக்காத) வார்னிஷ். கேடயங்களை உடலில் ஒட்டும் முன்பே இதை முடிப்பது எளிது.

வார்னிஷ் வெள்ளையாகப் பூத்துவிட்டது

ஈரமான நாளில் ஸ்பிரே வார்னிஷ் அடித்தால் இப்படி ஆகும். என் 20 பிரின்சிப்பேஸ் ஒரே மாலையில் சாம்பல் பூசியது போல ஆனபோது எல்லாம் போய்விட்டது என்றே நினைத்தேன். போகவில்லை. தூரிகையால் பளபள வார்னிஷை ஒரு கை பூசுங்கள். பெரும்பாலும் நிறம் திரும்பிவரும். அது நன்றாகக் காய்ந்தபின், வறண்ட ஒரு நாளில் மேட் வார்னிஷ். இப்போதெல்லாம் நான் வார்னிஷையும் தூரிகையால்தான் பூசுகிறேன்.

பேஸ் வளைகிறது, வரிசை சேரவில்லை

அட்டையில் ஃபெவிகாலும் மணலும் போட்டால் காயும்போது மேற்புறம் இழுத்து, ஓரங்கள் தூக்கிக்கொள்ளும். 2 அல்லது 3 மிமீ எம்டிஎஃப் பலகை வாங்குங்கள். மேலே ஃபெவிகால் பூசும்போது அடியிலும் ஒரு பூச்சு கொடுத்தால் இழுவை சமமாகும். மணலுக்குச் செலவு வேண்டாம், ஆற்று மணலை டீ வடிகட்டியில் சலித்தால் போதும். கடற்கரை மணல் என்றால் உப்புப் போக நன்றாக அலசிக் காயவைக்க வேண்டும்.

இரண்டு பேஸ்களை ஒட்டி வைத்தால் ஈட்டியும் கேடயமும் முட்டிக்கொள்கின்றன என்றால், பசை போடும் முன் ஒத்திகை பார்க்காததுதான் காரணம். ஒரு பேஸின் நாலு வீரர்களையும் புளூடாக் (ஒட்டிப் பெயர்க்கக்கூடிய களிம்பு) வைத்து நிறுத்தி, முன்னும் பின்னும் பக்கத்திலும் வேறு பேஸை வைத்துப் பாருங்கள். ஓங்கிய கை உள்ளவன் ஓரத்தில் வரக் கூடாது. திரியாரிகளை நெருக்கமாகவும் நேராகவும் வையுங்கள். அவர்கள் கையில் முன்வரிசைகளின் எறியீட்டியான பைலம் இல்லை, நீண்ட ஈட்டி. ஒரு முழங்காலை ஊன்றிக் காத்திருக்கும் உருவங்கள் கிடைத்தால் இன்னும் பொருத்தம்.

எந்த விதிமுறை என்று இன்னும் உறுதியாகாதவர்கள் வீரர்களைத் தனித்தனி வட்டத் தகட்டில் ஒட்டி, அடியில் சின்னக் காந்தம் வைத்து, இரும்புத் தகடு பதித்த பெரிய பேஸில் நிறுத்தலாம். எண்ணிக்கை மாறினாலும் பெயர்க்க வேண்டியதில்லை. எடுத்துப் போகும் பெட்டியிலும் அதே காந்தம் பிடித்துக்கொள்ளும்.

ஈட்டிகள் ஒடிகின்றன

பிளாஸ்டிக் ஈட்டியை வெட்டிவிட்டு எஃகுக் கம்பி வையுங்கள். முனையைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி அரத்தால் கூராக்கலாம். கண்ணுக்கும் விரலுக்கும் கவனம். உலோக ஈட்டி வளைந்திருந்தால் மெதுவாக ஒரே தடவையில் நிமிர்த்துங்கள், முன்னும் பின்னும் ஆட்டினால் முறியும். உருவத்தைத் தூக்கும்போது பேஸைப் பிடியுங்கள் என்று வருகிறவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

எதிர்ப்படைக்கு யானை வாங்கினேன், ஏதோ சரியில்லை

முதலில் எந்தப் போர் என்று பாருங்கள். இத்தாலிக்குப் போகும் வழியில், இன்றைய பிரான்ஸில் ரோன் ஆற்றைத் தாண்டும்போது ஹன்னிபாலிடம் 37 யானைகள். கி.மு. 218இன் கடைசியில் இத்தாலியின் ட்ரெபியாவில் சண்டை போட்ட பிறகு குளிரில் ஏறக்குறைய எல்லாமே இறந்தன. அடுத்த வருடம் ஆர்னோ சதுப்பில் மிஞ்சிய ஒன்றின் மேல்தான் அவர் போனார். அந்தப் பயணத்தில் ஒரு கண்ணின் பார்வையும் போனது. கி.மு. 216இல், இத்தாலியில் நடந்த கன்னேப் போரில் யானையே கிடையாது. கி.மு. 202இல், வட ஆப்பிரிக்காவில் நடந்த ஸாமாப் போரில் 80க்கு மேல். கன்னே ஆடுகிறவர் யானையை அலமாரியிலேயே வைக்க வேண்டும், ஸாமா ஆடுகிறவருக்கு ஒன்று போதாது.

அடுத்தது வண்ணம். கோயில் யானையைப் பார்த்து வளர்ந்த கை, காதோரத்திலும் துதிக்கையிலும் தானாகவே இளஞ்சிவப்புப் புள்ளிகளை வைத்துவிடும். என் கையும் வைத்தது. அது ஆசிய யானையின் அடையாளம். கார்த்தேஜியர் பெரும்பாலும் பயன்படுத்தியது வட ஆப்பிரிக்க யானை. பெரிய காது, நடுவில் குழிந்த முதுகு, புள்ளி இல்லாத ஒரே சாம்பல் பழுப்பு. நம் யானைக்கு முதுகு வளைந்து உயரும், தலையில் இரண்டு மேடு. வாங்கிய உருவம் ஆசிய யானையாக இருந்தால் கவலை வேண்டாம். அலெக்சாண்டருக்குப் பின் மேற்கு ஆசியாவை ஆண்ட செலூக்கியரின் படைக்கு அது மிகச் சரி; சந்திரகுப்த மௌரியர் செலூக்கஸுக்கு 500 யானைகள் கொடுத்ததில்தான் அந்தப் படையின் யானைக் கதையே தொடங்குகிறது. அங்கே புள்ளிகளைத் தாராளமாக வைக்கலாம்.

படை முடிந்தது, ஆனால் எப்போதும் தோற்கிறது

மூன்று வரிசையையும் ஒரே நீளக் கோடாக நிறுத்துகிறீர்களா என்று பாருங்கள். இந்தப் படையின் வலிமையே ஆழத்தில்தான். வெலிட்டீஸ் முன்னால் போய் எறிந்துவிட்டு இடைவெளி வழியே பின்வாங்குவார்கள். அவர்கள் சாவதற்காகப் போகவில்லை. ஹஸ்டாட்டி களைத்தால் பிரின்சிப்பேஸ். அதுவும் தாங்காவிட்டால் திரியாரி; "திரியாரிவரை வந்துவிட்டது" என்பது ரோமர்களிடையே நெருக்கடிக்கான பழமொழியாகவே இருந்தது. ஆகவே இரண்டாம் வரிசையை ஒரு பேஸ் ஆழம் தள்ளி நிறுத்துங்கள், அவசரப்பட்டு முன்னே அனுப்பாதீர்கள். எதிரே யானை வந்தால் ஸாமாவில் ரோமத் தளபதி ஸ்கிப்பியோ செய்ததைச் செய்யலாம். அணிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி நடுவில் நேர்ச்சந்து விட்டு, அதில் வெலிட்டீஸை வைத்தார்; யானைகள் பல அந்தச் சந்து வழியே போய்விட்டன. வெலிட்டீஸைச் சிறிய தனி பேஸ்களில் ஒட்டினால் இதற்கு வசதி.

ஆடுவதற்கு எதிராளி இல்லை

இரண்டு படையையும் நீங்களே கட்டுங்கள். கேட்கப் பெரிய வேலை போல இருக்கும், ஆனால் இந்தப் போரில் பாதி மிச்சமாகும். ட்ரசிமீன் ஏரிக்கரை வெற்றிக்குப் பிறகு ஹன்னிபால் தன் ஆப்பிரிக்கக் காலாட்களுக்கு ரோமரிடம் பறித்த ஆயுதங்களையே கொடுத்தார். கன்னேயில் அவர்களைப் பார்த்தால் ரோமர் என்றே தோன்றும் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். உங்கள் பெட்டியில் மிஞ்சும் ரோம உடல்களுக்கு வேறு நிறக் கேடயமும் கொஞ்சம் கருத்த தோலும் கொடுத்தால் அவர்கள்தான். வட ஆப்பிரிக்காவின் நுமிடியக் குதிரைப்படை இரண்டு தரப்பிலும் நிற்கும். கன்னேயில் ஹன்னிபாலோடு, ஸாமாவில் நுமிடிய அரசன் மசினிஸ்ஸாவின் தலைமையில் ரோமரோடு. கடிவாளமில்லாத குதிரை, ஒரு அங்கி, ஒரு சின்னக் கேடயம், தீட்டவும் வேகம். ஹன்னிபாலோடு வந்த ஐபீரியர்களுக்கு (ஸ்பெயின் பகுதி வீரர்கள்) வெள்ளை அங்கியில் செந்நீலக் கரை, அதற்கு எழுத்துச் சான்றே இருக்கிறது.

பிறகு, பக்கத்து வீட்டுப் பையனையோ அலுவலக நண்பரையோ உட்காரவைத்து, அவர்கள் கையில் ஹன்னிபாலைக் கொடுங்கள். முதல் ஆட்டத்துக்கு ஆளுக்கு நாலு பேஸ் போதும். அந்த எட்டு வெலிட்டீஸும் முதல் பன்னிரண்டு ஹஸ்டாட்டியும் முடிந்த அன்றே அதை ஆடலாம், எதிர்ப்பக்கம் இன்னும் பிரைமரில் நின்றாலும்.